காஞ்சிபுரத்தில் ஒரு ஆட்டோ, இரண்டு முழங்கால், ஒரு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு ஆட்டோக்காரரைப் பற்றிய மதிப்புரை. அவர் பெயரையோ நம்பரையோ இங்கே போட மாட்டேன். அவரைக் கேட்காமல் போடுவது சரியல்ல. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் "கோயில் டூரா?" என்று கேட்டபடி நாலு பேர் வருவார்கள். அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன கேட்டு ஏறுவது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவள் நான். பல்லவர் பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஆறு முறை காஞ்சிக்கும் போயிருக்கிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடந்ததில் கோயிலை நிமிர்ந்து பார்த்த நினைவில்லை. ஓய்வு பெற்றதும் தங்கையோடு போனேன். எனக்குச் சிற்பம் பார்க்க வேண்டும், அவளுக்குப் புடவை பார்க்க வேண்டும், இருவருக்குமே முழங்கால் வலி. ஐப்பசியில் ஒரு சாதாரண புதன்கிழமை அது.

பேசிய கூலி 1,800 ரூபாய், காலை ஆறு மணி முதல் இரவு எட்டு வரை. ஏறும் முன் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, பட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் உடனே "கண்டிப்பாம்மா, நேரா தறியிலேர்ந்தே வாங்கித் தரேன்" என்றார்கள். இவர் மட்டும், "நீங்க சொன்னா போறேன், சொல்லாட்டி போகல" என்றார். ஏறிவிட்டோம். காஞ்சியில் பல ஆட்டோக்களுக்குக் கடையில் கமிஷன் உண்டு, ஊரறிந்த விஷயம். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நாளின் நல்ல வெளிச்சமெல்லாம் டியூப்லைட் கடைக்குள் போய்விடும்.

இவரிடம் எனக்குப் பிடித்தது வரிசை. பெரும்பாலும் ஏகாம்பரநாதரில் ஆரம்பித்துக் கூட்டத்தில் மாட்டவைப்பார்கள். இவர் நேராக ஊருக்கு மேற்கே கைலாசநாதர் கோயிலுக்கு விட்டார். "காலையில வெயில் முன்னாடி விழும்மா, இப்ப பாத்தாதான் உண்டு." உண்மைதான். கிழக்கு பார்த்த கோயில். வாசலில் வரிசையாக நிற்கும் குட்டி விமானங்கள் மேல் மஞ்சள் வெயில் ஏறியபோது, பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கங்களின் பிடரி மயிர்கூடத் தெரிந்தது. மணற்கல் என்பதால் பல முகங்கள் கரைந்துபோயிருக்கின்றன. பிற்காலத்தில் யாரோ சாந்து பூசிச் சரி செய்யப் பார்த்து, சில சிங்கங்களைப் பொம்மையாக்கிவிட்டார்கள். அதைப் பார்த்தால் வயிறு எரியும். நேராகப் பிராகாரத்துக்குப் போங்கள். சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். சிலவற்றின் உள்சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு மாடத்தில் காவிச் சிவப்பில் ஒரு தோளும், கொஞ்சம் தள்ளி ஒரு கண்ணும் மட்டும் பார்த்தேன். பாக்கியை நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

"இது மகேந்திரவர்மன் கட்டினதும்மா" என்றார் தம்பி. சும்மா இருக்க முடியவில்லை. கட்டியவன் ராஜசிம்மன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆனால் முன்னால் தனியாக நிற்கிற சன்னதி அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எடுத்தது, அதனால் பாதி மார்க் போடலாம் என்றேன். சிரித்தார். பிறகு முன்மண்டபத்தில் ஒரு தூணைத் தேடிப் பிடித்து அவருக்குக் காட்டினேன். பழைய கன்னடக் கல்வெட்டு. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, இந்தக் கோயிலின் சொத்தைக் கொள்ளையடிக்காமல் திருப்பிக் கொடுத்தான் என்று அதில் பொறித்து வைத்திருக்கிறான். அவனுடைய ராணி லோகமாதேவி கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் எடுத்த கோயிலில் இந்தக் கோயிலின் சாயல் இருக்கும். "ஆயிரம் தடவை வந்திருப்பேன், இந்தத் தூண்ல சாஞ்சு தூங்கியிருக்கேன்" என்றார் தம்பி, தூணைத் தடவியபடி.

கருவறையைச் சுற்றும் குறுகல் வழியில் தவழ்ந்து போய்த் தவழ்ந்து வெளியே வர வேண்டும், மறுபிறவி இல்லை என்பார்கள். தங்கை ஆசையாகக் குனிந்தாள். "அக்கா, உள்ள போயிட்டா வெளிய வர முட்டி விடுமா?" தம்பி கறாராக, "வேணாம்மா, நடுவுல திரும்ப முடியாது" என்றார். போகவில்லை. வயதானவர்களை உசுப்பேற்றி உள்ளே அனுப்பாமல் விட்டதற்கே இவருக்கு ஒரு நட்சத்திரம்.

அடுத்து ஏகாம்பரநாதர். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எடுத்த தெற்கு ராஜகோபுரம், மண்ணாலான பிருத்வி லிங்கம், மாமரம் எல்லாம் நீங்கள் அறிந்ததே. மரத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு வயது என்று ஊரே சொல்கிறது, தம்பியும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். வகுப்பில் சொல்ல மாட்டேன். எனக்கு இங்கே நிற்கும்போதெல்லாம் சுந்தரர்தான் நினைவுக்கு வருவார். திருவொற்றியூரில் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்தவர், தடவித் தடவி வந்து இடக்கண்ணை மட்டும் வாங்கிக்கொண்ட இடம். வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது.

காமாட்சியம்மன் கோயிலில் அன்று கூட்டம் குறைவு. ஊரில் இத்தனை சிவன் கோயில் இருந்தும் எதிலும் அம்பாளுக்குத் தனிச் சன்னதி கிடையாது, எல்லாருக்கும் இவள் ஒருத்தியே என்பதைத் தம்பி அழகாகச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் ஒரே வீட்டம்மா."

இனிக் குறை. வைகுண்டப் பெருமாள் கோயிலை அவர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. "அங்க பெரிசா ஒண்ணும் இல்லம்மா, யாரும் கேக்க மாட்டாங்க." எனக்குச் சுருக்கென்றது. நான் வந்ததே அதற்காகத்தான்! நந்திவர்ம பல்லவமல்லன் எடுத்த கோயில், திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம். திருச்சுற்று முழுக்கச் சிங்கத் தூண்கள், பின்சுவரில் பல்லவர் வரலாறு இரண்டு வரிசையாகச் சிற்பத்தில் ஓடுகிறது. ஒரு அரச வம்சம் தன் கதையைத் தானே கல்லில் எழுதி வைத்த இடம், நம் பக்கத்தில் இதற்கு இணை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். கடிகை என்ற கல்விச்சாலையின் அறிஞர்களும் அமைச்சர்களும் நகரத்துப் பெரியவர்களும் கிளை வம்சத்து இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த மூவரும் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி, நான் போகிறேன் என்கிறான். அவன்தான் பல்லவமல்லன். சிற்பத்துக்குக் கீழே சில இடங்களில் எழுத்தும் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை வயதுதானே என்று தோன்றியது. அந்த அப்பாவுக்கு அவனை அனுப்ப மனசே இல்லை என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

பத்து நிமிடம் என்றவர் எங்களோடு உள்ளே வந்து ஒரு மணி நேரம் நின்றார். வெளியே வரும்போது, "அந்தப் பையன் கதைய இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா, அடுத்த பார்ட்டிக்குச் சொல்லணும்" என்றார். சொன்னேன். அதற்காகக் கூலியில் ஒன்றும் குறைக்கவில்லை, அது வேறு!

நடுப்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும், நாலு மணி வரை. காஞ்சிச் சுற்றுலாக்கள் சொதப்புவது இங்கேதான். வேர்த்து வழிந்துகொண்டு எங்காவது படியில் உட்கார வேண்டியதாகிவிடும். தம்பி எங்களைப் பிள்ளையார்பாளையத்தில் அவருடைய சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாங்கச் சொல்லவில்லை. மோர் கொடுத்தார்கள். அரையிருட்டில் குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவர். புடவையின் உடலையும் கரையையும் சேர்த்து நெய்யும் கோர்வை என்றால் என்ன என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. ஒருவரால் முடியாது, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அவர் மனைவிதான் அந்த ஆள். கரை நிறமும் உடல் நிறமும் சேரும் இடத்தில் இழையும் இழையும் கைகோத்துக்கொள்வதால், அங்கே பல்வரிசை மாதிரி ஒரு கோடு விழும். முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பிட்னி: பழைய பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு கையால் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தங்கை புடவை வாங்கும் ஆசையை அங்கே கொஞ்சம் தள்ளிவைத்தாள், விலை கேட்கவே கூச்சமாக இருந்தது என்றாள்.

தம்பியும் பதினெட்டு வயது வரை அந்தக் குழியில் உட்கார்ந்தவர்தானாம். "இதுல கால் மரத்துப் போகும், அதுல இடுப்பு போகும், அவ்வளவுதாம்மா வித்தியாசம்" என்று ஆட்டோவைக் காட்டினார். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிய வேண்டும் என்றும், புவிசார் குறியீடும் சில்க் மார்க்கும் பார்த்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள் என்றும் சொன்னார். கமிஷன் வாங்கும் ஆள் இதைச் சொல்வாரா?

மாலை சின்னக் காஞ்சி, வரதராஜப் பெருமாள். பெருமாள் நிற்கும் குன்றான அத்திகிரிக்கு 24 படி. நான் ஏறினேன், எப்படி என்று கேட்காதீர்கள். கீழே அனந்த சரஸ் குளத்தைப் பார்த்தபோது 2019 நினைவுக்கு வந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், குளத்துக்குள் வைத்திருக்கும் அத்திமரப் பெருமாளான அத்திவரதர் வெளியே இருந்தார், முதலில் சயனத்தில், பிறகு நின்ற கோலத்தில். அதற்கு முன் 1979. அடுத்தது நாற்பது வருடக் கணக்கில் 2059, எனக்கு இல்லை. அந்த 48 நாளும் வீட்டுக்குப் போகாமல் ஆட்டோவிலேயே தூங்கியதாகத் தம்பி சொன்னார். அப்புறம் குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைத்தது. மிளகு, சீரகம், சுக்கு, நெய். எனக்குக் கிடைத்த துண்டு கொஞ்சம் காய்ந்திருந்தது. ஆனால் சுக்கு வாசனை வீடு போகும் வரை கையில் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். வைகாசியில் வரதர் கருட வாகனத்தில் வரும் கருட சேவைக்கு மறுபடி இவரையே கூப்பிட்டோம். அங்கேதான் சறுக்கினார். விடியும் முன் கோபுர வாசல் பக்கம் இறக்கிவிடுகிறேன் என்று அடித்துச் சொன்னவர், வழியெல்லாம் அடைத்திருக்க, வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார். என் முட்டிக்கு அந்த நடை கொடுமை. இத்தனை வருடம் அந்த ஊரில் வண்டி ஓட்டுபவருக்கு, கருட சேவையன்று வண்டி எதுவரை போகும் என்று தெரியாதா? முகம் கொடுத்தே பேசவில்லை நான். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் தெரிந்த டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் நின்ற இடத்திலெல்லாம் போட்டார்.

அந்த நாற்காலி மேல் உட்கார்ந்துதான் தொட்டாசாரியார் சேவையைப் பார்த்தேன். சோளிங்கரில் இருந்த தொட்டாசாரியார் ஒரு வருடம் வர முடியாமல் அங்கேயே ஏங்கினார், பெருமாள் அங்கே போய்க் காட்சி கொடுத்தார் என்பது கதை. அதற்காக இன்றும் கருட வாகனம் கோபுர வாசலுக்கு வந்ததும் பெரிய குடைகளைத் தாழ்த்தி ஒரு கணம் பெருமாளை மறைக்கிறார்கள். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினாற்போல் ஒரு அமைதி. குடை விலகியதும் எழுந்த சத்தத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், முட்டி வலி நினைவே இல்லை. பிறகு பெருமாள் பெரிய காஞ்சி பக்கம் கங்கைகொண்டான் மண்டபம் வரை போய்த் திரும்புகிறார். வழி நெடுக மோரும் விசிறியும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அன்று பேசிய கூலியில் முந்நூறைத் தம்பியே குறைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

ஆக, ஐந்துக்கு நாலு. வரிசைக்கும் நாணயத்துக்கும் முழு மதிப்பெண். திருவிழா நாளுக்கு இவரையே நம்பாமல், முதல் நாள் இரவே சின்னக் காஞ்சியில் அறை எடுத்துவிடுங்கள். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் வேண்டுமென்றால் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வேகவதி ஆற்றுப் பக்கம் போகத் தனிக் கூலி கேட்பார், நியாயம்தான். ஆரனை மட்டும் கொஞ்சம் குறைத்து அடிக்கலாம்.

சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீருக்குள் இருக்கும் மண்டபத்தை அன்றைக்காக இறைத்துவிட்டு, வரதரைப் படிவழியாகக் கீழே எழுந்தருளப் பண்ணுவார்கள். வண்டி எதுவரை போகும் என்று இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டேன். "நாற்காலி எடுத்துட்டு வரேம்மா" என்றார். "படியெல்லாம் ஈரமா இருக்கும், பழைய புடவை கட்டிட்டு வாங்க."