மலைக்கு இந்தப் பக்கம் மோலி, அந்தப் பக்கம் டெட்ரா

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் 14 மீன்கள் புதைந்து கிடக்கின்றன. ஒன்றரை வருஷக் கணக்கு. முதல் மீன் செத்த அன்று மகன் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். அம்மா அவன் தலையைக் கோதி, "நம்ம வீட்டுக்கு வந்த கண்டத்த அது வாங்கிட்டுப் போயிருக்குலே, அழாத" என்றாள். பிள்ளையைத் தேற்ற அதைவிட நல்ல பேச்சு கிடையாது. ஆனால் அதையே நம்பிக்கொண்டிருந்தால் மீன் ஏன் செத்தது என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. நான் கேட்கத் தொடங்குவதற்குள் எட்டு மீன் போய்விட்டது.

கேட்டால் ஆளுக்கொரு பதில். தென்காசியில் மீன் விற்ற அண்ணாச்சி, "வாரம் ஒருக்கா தண்ணிய முழுசா மாத்துங்க, தொட்டியத் தேச்சுக் கழுவுங்க, அது போதும்" என்றார். மீன் வளர்க்கிற சிநேகிதி ஒருத்தி, "பில்டர் இல்லாம மீன் வாங்கினதே தப்பு" என்றாள். புனலூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், போனிலேயே சத்தம் போட்டார்: "வெள்ளத்தத் தொடாத! வெள்ளத்த மாத்த மாத்தத்தான் மீன் சாகுது." அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். செங்கோட்டையில் இருந்து ஒரு மலையைத் தாண்டினால் போதும், நமக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது அங்கே செம்பில் இருக்கும். எங்கள் சண்டையின் முடிச்சு அந்தச் சொல்லிலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரிய நாளாயிற்று.

குடுவை

முதலில் வாங்கியது 6 லிட்டர் பிடிக்கிற கண்ணாடிக் குடுவை, இரண்டு கோல்டு பிஷ், ஒரு கை கலர் கல். அண்ணாச்சி சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மீனைச் சொம்பில் பிடித்து வைத்துவிட்டு, குடுவையைத் தேய்த்து, கல்லை வெந்நீரில் அலசி, குழாய்த் தண்ணீரைப் புதிதாகப் பிடித்து ஊற்றினேன். பளிங்கு மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு மீன், பதினோராம் நாள் மற்றது.

அண்ணாச்சி பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவர் கடையில் ஒரு மீன் மூன்று நாளைக்கு மேல் நிற்பதில்லை. மூன்று நாள் மீனை உயிரோடு வைத்திருப்பதில் அவர் கெட்டிக்காரர்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் நாலாம் நாளும் விடிகிறதே, அதுதான் தொல்லை.

கோல்டு பிஷ் தின்பதும் கழிப்பதும் அதிகம். நன்றாக வைத்திருந்தால் பத்து வருஷம் தாண்டும், ஒரு சாண் நீளம் வளரும். அதை 6 லிட்டரில் விட்டால் அதன் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிற அம்மோனியா இரண்டு மூன்று நாளில் அதையே சுடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் குளோரின் வாடை போகாத தண்ணீரை ஊற்றும்போது மீனுக்கு அடுத்த அடி விழுகிறது. கூடவே அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அதையும் வெந்நீரில் கொன்றுவிடுகிறோம்.

குடுவையில் பிழைத்துக் கிடப்பது பைட்டர் மாதிரி மீன்தான். அதற்குத் தலையில் தனி மூச்சு உறுப்பு உண்டு; மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். பிழைத்துக் கிடக்கிறது என்பதற்காக அங்கேயே போட்டு வைக்கலாமா என்றால், நான் வைக்க மாட்டேன்.

பில்டர் தொட்டி

அடுத்தது இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர், மேலே கொஞ்சம் விட்டால் 50. ஸ்பாஞ்சு பில்டர், காற்று மோட்டார், லைட். தொட்டியைத் திங்கள் வைத்தோம். புதன்கிழமை மூன்று மோலி, மூன்று டெட்ரா. ஐந்தாம் நாள் ஆறும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். ஊற்றினேன். தண்ணீர் ஊதாவாயிற்று, என் விரலும் ஊதாவாயிற்று, மீன்கள் எட்டாம் நாளுக்குள் முடிந்துபோயின.

பில்டர் மோட்டாரில் இல்லை என்பதை இங்கேதான் கற்றேன். ஸ்பாஞ்சுக்குள் குடியேறுகிற பாக்டீரியாதான் பில்டர். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்தது இரண்டு நாள். போதாததற்கு, நீல மருந்து அந்தப் பாக்டீரியாவையும் ஒடுக்கும். சின்னத் தொட்டியில் நோய் மீனைத் தனியாக விட்டு ஊற்ற வேண்டியதை நான் வளர்ப்புத் தொட்டியிலேயே கவிழ்த்தேன்.

மறுபடி தொடங்கியபோது மீனே இல்லாமல் தினம் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு அழுக விட்டேன். சிநேகிதி தன் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்தாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீனில்லாத தொட்டிக்கு எதுக்குட்டி சோறு?" என்றாள். ஐந்தாவது வாரம் சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. அதற்குப் பிறகு விட்ட மோலிகள் இன்றைக்கும் இருக்கின்றன, பேரன் பேத்தியோடு.

இப்போது வாரம் கால் பங்கு தண்ணீர்தான் மாற்றுகிறேன், அதுவும் முந்தின நாள் வாளியில் பிடித்து வைத்தது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன், குழாயடியில் காட்டுவதே இல்லை. தீவனம் ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. அம்மாவின் பொரியையும் சோற்றுப் பருக்கையையும் நிறுத்தத்தான் எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

பிரிட்ஜ் தொட்டி

அத்தான் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய பிரிட்ஜ், கதவைக் கழற்றி மல்லாக்கக் கிடக்கிறது. ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறார். அடியில் நாலு விரல் வயல்மண், அதன்மேல் ஆற்று மணல், வேலம்பாசி, மேலே ஆகாயத்தாமரை. மோட்டார் இல்லை, லைட் இல்லை, கரண்ட் பில் இல்லை. கப்பியும் டெட்ராவும் அதில் நாலு வருஷமாகப் பெருகுகின்றன. தண்ணீர் குறைந்தால் கிணற்றிலிருந்து இரண்டு வாளி. அவ்வளவுதான் அவருடைய பராமரிப்பு.

பார்த்தால் சோம்பேறித்தனம், உள்ளே நல்ல கணக்கு. பாக்டீரியா செய்கிற வேலையைச் செடிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அம்மோனியா அவற்றுக்கு உரம். பிரிட்ஜ் சுவருக்குள் பஞ்சு இருப்பதால் வெயிலில் தண்ணீர் சட்டென்று கொதிப்பதுமில்லை, ராத்திரியில் சட்டென்று குளிர்வதுமில்லை. புனலூர் வெயில் கேரளத்தில் பேர் போனது. அந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. 30 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 20 டிகிரியில் 9 வரை கரையும்.

குறையும் உண்டு. தட்டான் குஞ்சுகள் தண்ணீருக்குள் கிடந்து மீன்குஞ்சைத் தின்கின்றன. மீன்கொத்தி வந்து உட்காருகிறது. ஜூன் மழையில் தொட்டி வழிந்து கப்பிகள் முற்றத்தில் துள்ளுகின்றன. இன்னொன்று, நடுக்கூடத்தில் இருந்து பார்க்க முடியாது. என் மகனுக்கு மீன் வேண்டியதே பார்ப்பதற்குத்தான்.

எதில் யார் சரி

இந்த இடத்தில்தான் நானும் அத்தானும் முட்டிக்கொண்டோம். என் பில்டர் தொட்டி பக்குவமான பிறகு அவர் தொட்டி மாதிரியே இருக்கட்டும் என்று ஆறு நியான் டெட்ரா வாங்கி விட்டேன். ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாக ஆறும் போயின. மோலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "மோட்டார் வச்சுக் கொல்ற" என்றார். என்னிடம் பெருகிய மோலியில் பத்தை அவருக்குக் கொடுத்தேன். மலைப்பாதை 2018-இல் அகலப்பாதையாகித் திறந்ததிலிருந்து புனலூர் போக ரயில் இருக்கிறது. கவரை மடியில் வைத்துக்கொண்டு, குகைக்குள் வண்டி இருட்டும்போதெல்லாம் மகன் கவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். அத்தானும் அலட்சியமாக விடவில்லை. கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சிறுகச் சிறுகத் தண்ணீர் கலந்துதான் விட்டார். பத்து நாளில் மோலிகள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பித்தன. நாலு போயிற்று. இப்போது "செடி வச்சுக் கொல்றீங்க அத்தான்" என்று சொல்வது என் முறை.

தண்ணீரைச் சோதிக்கிற மீட்டரைச் சிநேகிதியிடம் இரவல் வாங்கிக்கொண்டு அடுத்த முறை போனேன். எங்கள் தொட்டிக்கு ஊற்றுகிற போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 780; பிஹெச் 8 (இது 7-க்குக் கீழே போனால் புளித்த தண்ணீர்). வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர். அவர் கிணறு செம்பாறையில் வெட்டியது: டிடிஎஸ் 60, பிஹெச் 6.5. அங்கே சோப்பு போட்டால் நுரை அடங்காது, இங்கே நுரையே வராது. இரண்டு வீட்டுத் துணியையும் துவைத்தவள் நான். மீட்டர் இல்லாமலே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் பக்கம், மிருதுவான, லேசாகப் புளித்த தண்ணீர். பண்ணையில் பிறந்தவை கொஞ்சம் தாங்கும், 780 அவற்றுக்கு மிகை. மோலிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் கரையோரம். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர்தான் அதற்கு ஊர்த் தண்ணீர். கப்பி பரந்த மனசுக்காரி, இரண்டு பக்கமும் பிழைக்கிறாள்.

மீன் வகையோடு முடிந்துபோகிற விஷயமும் இல்லை. அம்மோனியாவில் இரண்டு வடிவம் உண்டு, ஒன்றுதான் கொடிய நஞ்சு. 28 டிகிரியில், பிஹெச் 6.5 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் 0.2 சதவீதம்தான். பிஹெச் 8 என்றால் 6.5 சதவீதம். ஒரே அளவு கழிவு, ஒரே அளவு தீவனம், எங்கள் வீட்டில் முப்பது மடங்கு விஷம். அத்தான் ஒருநாள் தீவனத்தை அதிகம் கொட்டினாலும் அவர் கிணற்று நீர் மன்னித்துவிடும். எங்கள் போர் தண்ணீர் மன்னிக்காது. அதனால் இங்கே பில்டர் வேண்டும், வாராவாரம் கால் பங்கு மாற்ற வேண்டும். அதே பில்டரை அங்கே வைத்தால், பிஹெச் இறங்க இறங்க அந்தப் பாக்டீரியா மந்தமாகிவிடும். அங்கே செடிதான் நம்பகம். என் முறையும் அவர் முறையும் போட்டி போடவே இல்லை. இரண்டும் அதனதன் தண்ணீருக்குச் சரி.

செலவு, கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. பில்டர் தொட்டிக்குக் கரண்ட் போவதுதான் எமன். ஒரு மணி நேரம் பரவாயில்லை. பல மணி நேரம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும், அலசாமல் மோட்டாரைப் போட்டால் அந்த நாற்றம் அப்படியே தொட்டிக்குள் இறங்கும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பிரிட்ஜ் தொட்டிக்குச் செலவு என்று சொன்னால் எம்-சீல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அத்தான் கட்சி: கடை மீனை ஆற்றிலோ குளத்திலோ விடக் கூடாது. வளர்க்க முடியாத மீனை, "பாவம், குளத்துல விட்டுரு" என்று அம்மா சொல்வாள். புண்ணியம் என்று நினைக்கிறாள். டேங்க் கிளீனர் என்று கடையில் விரல் நீளத்தில் விற்கிற மீன் ஒன்றரை அடி வளர்ந்து, அப்படி விடப்பட்டுத்தான் கேரளத்து ஆறு குளங்களில் பெருகிக் கிடக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே வலையில் அமேசான் ஆற்று ராட்சத மீனான அரபைமாவே சிக்கியது. அச்சன்கோவில் ஆறு எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். மிஸ் கேரளா என்று உலகமே விலை கொடுத்து வாங்குகிற, சிவப்புக் கோடு போட்ட மீன் அந்த ஆற்றுக்காரி. ஆற்றில் பிடித்துப் பிடித்து விற்றே அருகிப்போன இனம். அதன் வீட்டில் கொண்டுபோய் நம் கடை மீனை விடுவதில் என்ன புண்ணியம்? வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வளர்க்கிற இன்னொருவருக்கு.

இப்போது ஏற்பாடு இப்படி. சாரல் காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, போர் தண்ணீரோடு சரிபாதி கலந்து தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் நாட்டு வாதாமரத்தின் காய்ந்த இலை இரண்டு கிடக்கிறது, ஒரு பைட்டர் இருக்கிறது. அத்தான் மிச்சமிருந்த ஆறு மோலிக்காகப் பிரிட்ஜில் ஒரு துணிப்பை நிறையக் கிளிஞ்சல் போட்டிருக்கிறார், சுண்ணாம்பு கரையட்டும் என்று. நடுக்கம் நின்றுவிட்டதாம். போன வாரம் போனில் சொன்னார்: "அடுத்த தடவ வரும்போது உங்க வெள்ளம் ரெண்டு கேன் கொண்டு வா."

"தண்ணி அத்தான்" என்றேன்.