சிமிழ் கடைய நான்கு ஜா சக்: நாலு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் மரம் கடையும் என் லேத்தின் ஹெட்ஸ்டாக் (சுழலும் தலைப்பகுதி) பேரிங் இரண்டையும் மாற்றியாயிற்று. ஸ்பிண்டிலில், அதாவது சுழலும் தண்டில், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றினால் முள் 0.02 மி.மீ.க்கு மேல் நகரவில்லை. அதே ஸ்பிண்டிலில் சக்கை (ஜா எனும் நான்கு தாடைகளால் மரத்துண்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஏற்றி, முந்தின நாள் கழற்றி வைத்த சிமிழ் மூடியை மறுபடி பிடித்தால் 0.25 மி.மீ. அவுட், அதாவது சுற்றும்போது அவ்வளவு ஆட்டம். இத்தனை நாள் பேரிங் மேல் போட்ட பழியெல்லாம் வீண். இந்தச் சக்கின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதனால் எழுதுகிறேன். 100 மி.மீ. உடலும் 50 மி.மீ. ஜாவும் கொண்ட, சாவி போட்டு முறுக்கினால் உள்ளிருக்கும் சுருள்மரை (ஸ்க்ரோல்) நான்கு ஜாவையும் ஒன்றாக நகர்த்தும் சாதாரண ஸ்க்ரோல் சக்தான்.

கிண்ணம் கடைபவருக்கு 0.25 ஒரு பொருட்டே இல்லை. சிமிழுக்கு அதுதான் எல்லாமே. சுவர் 3 மி.மீ.; மூடியின் உள்வாய்க்கும் அதற்குள் நுழையும் உடலின் கழுத்துக்கும் நடுவே விடுகிற இடைவெளி 0.1 மி.மீ. அளவுதான். சக் தரும் ஆட்டம் அதைவிடப் பெரிது. மூடியைப் போட்டு மூட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் விளிம்பு வெளியே தள்ளியிருக்கும், எதிர்ப்பக்கம் உள்வாங்கியிருக்கும்.

சக்கை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. ஜாக்கள் நான்கும் சேர்ந்து சரியான வட்டமாவது ஒரே ஒரு விரிவில்தான். கிட்டத்தட்ட முழுதும் மூடி, ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் திறந்திருக்கும் நிலை அது. என் சக்கில் அது 44 மி.மீ. குடுமி (சக் பிடிப்பதற்காகக் கட்டையின் முனையில் கடையும் குட்டை முளை) அந்த அளவில் இருந்தால் ஜா சுற்றிலும் அணைத்துப் பிடிக்கிறது. 55க்குப் போனால் ஜாக்களின் எட்டு முனைகள் மட்டுமே மரத்தைக் கடிக்கின்றன. ஒருமுறை கடித்த தடம் மரத்தில் தங்கிவிடும். அடுத்த முறை ஜா பாதி அந்தத் தடத்திலும் பாதி புது இடத்திலும் உட்காரும்போது மையம் நகர்ந்துவிடுகிறது. போதாததற்கு மரமும் சும்மா இருப்பதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, ஆரத் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ராத்திரி குடைந்து வைத்த மூடி காலையில் லேசாக நீள்வட்டமாகியிருக்கும். அதை எந்தச் சக் பிடித்தாலும் ஆட்டம்தான்.

முதலாவது ஜாவுக்கு நேராகக் குடுமியில் பென்சில் கோடு போட்டு, எப்போதும் அதே இடத்தில் பிடித்தால் ஆட்டம் பாதியாகக் குறைகிறது. குடுமி 5 மி.மீ. நீளம் போதும். நீளம் கூடிப்போய் அதன் முனை சக்கின் அடியைத் தொட்டுவிட்டால், குடுமியைச் சுற்றியுள்ள தோள் ஜா முகத்தில் படியாமல் துண்டு ஊசலாடும். புதிதாகக் கடைபவர்கள் "சக் சரியில்லை" என்று சொல்வதில் பெரும்பாதி இதுதான்.

முழுத் தீர்வு வேலையின் வரிசையில் இருக்கிறது. 60 மி.மீ. சதுரம், 110 மி.மீ. நீளக் கட்டையை லேத்தின் இரண்டு சென்டருக்கு (இருமுனையிலும் தாங்கும் கூர்முனைகள்) நடுவில் வைத்து உருட்டி, இரு முனையிலும் குடுமி எடுங்கள். 2 மி.மீ. அறுப்பு உளியால் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் பிரியுங்கள். உளி மெலிதாக இருந்தால்தான் மூட்டில் ரேகை விட்டுப்போகாமல் ஓடும். முதலில் மூடி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் குடைந்து, சதுரமுனை ஸ்க்ரேப்பரால் 6 மி.மீ. ஆழத்துக்கு வாயை நேராக வெட்டுங்கள். வெர்னியரில் வாய் 38.0, உள்ளே 37.8 என்று காட்டினால் மூடி பாதியில் நின்றுவிடும். இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும். உள்ளே உப்புத்தாள், மெருகு எல்லாம் இப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது உடல். கழுத்தைச் சற்றுச் சரிவாக வெட்டி, சுற்றும்போதே மூடியை லேசாகத் தொட்டு எடுத்தால் மரத்தில் பளபளப்பாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழுந்த இடத்தின் குறுக்களவுதான் மூடியின் அளவு. அதற்கு ஒரு மயிரிழை கூடுதலாகக் கழுத்து முழுவதையும் நேராக்கி, மூடியை இறுக்கிச் செருகி, எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக்கை முட்டுக் கொடுத்து, மூடிக்கும் உடலுக்கும் வெளிப்புறத்தை ஒரே ஓட்டமாகக் கடையுங்கள். சக்கின் தவறு இந்த இடத்தில் மறைந்துபோகிறது. மூடியைப் பிடித்தபோது மையம் தவறியிருந்தாலும் அதன் சுவர் ஒருபக்கம் 3.1, மறுபக்கம் 2.9 ஆகுமே தவிர, மூட்டில் நகம் தட்டாது. மூட்டிலேயே மெல்லிய காடி ஒன்று போட்டுவிட்டால், பிற்பாடு மரம் அசைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மூடியின் உச்சியை முடித்து, அதைக் கழற்றி, உடலைக் குடைந்து, கடைசியாகத்தான் கழுத்தைத் தளர்த்த வேண்டும். இந்த இடத்தில் உப்புத்தாளை அழுத்தாதீர்கள். வளையத்தில் மெத்தென்ற பகுதி சீக்கிரம் தேய்ந்து கழுத்து நீள்வட்டமாகும். கூர்தீட்டிய உளியால் தூசு போல் சீவுங்கள். மெருகுக்குப் பூசும் அரக்கும் கழுத்தில் ஏறக்கூடாது. அந்தப் படலமே பொருத்தத்தை இறுக்கிவிடும். இதெல்லாம் முடியும்வரை உடலைச் சக்கிலிருந்து தளர்த்தவே கூடாது. நடுவில் லேத் வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் சக்கைத் துண்டோடு சேர்த்து ஸ்பிண்டிலிலிருந்து கழற்றி வையுங்கள். திருப்பி ஏற்றினால் மையம் ஏறக்குறைய அப்படியே வருகிறது. இந்தச் சக்கில் நான் மனதாரப் பாராட்டும் விஷயம் இது. கூடவே பிடியின் உறுதி: 5 மி.மீ. குடுமியை மட்டும் பிடித்துக்கொண்டு 70 மி.மீ. உடலை நிமிடத்துக்கு 1800 சுற்றில் குடைந்தாலும், நாலு வருடத்தில் ஒரு துண்டுகூட வெளியே பறக்கவில்லை.

அடிப்பாகத்தை முடிக்கச் சக்கே வேண்டாம். கழிவுக் கட்டையில் லேசான சரிவோடு குமிழ் கடைந்து அதில் உடலைக் கவிழ்த்துச் செருகினால் போதும். தளர்ந்தால் குமிழில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உப்பிப் பிடித்துக்கொள்ளும்.

மரத்தைப் பொறுத்தவரை வெட்பாலையும் மஞ்சக்கடம்பும்தான் சிமிழுக்கென்றே பிறந்தவை. நெருக்கமான ரேகை, சீராகச் சீவும். தேக்கு உளியை மழுக்கும், மெல்லிய விளிம்பில் உதிரும். எந்த மரமானாலும் அரை நூல் (சுமார் 1.5 மி.மீ.) கூடுதல் சுவர் விட்டுக் கரடாகக் குடைந்து, ஒரு மாதமாவது நிழலில் போட்டுவிட்டுத்தான் முடிக்க வேண்டும். அப்படிச் செய்த சிமிழும் ஐப்பசி அடைமழையில் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். ரேகை சேரும்படி மூடினால் இறங்கும்; கால் சுற்றுத் திருப்பி மூடினால் பிடித்துக்கொள்ளும்.

பொருத்தம் சரியாக அமைந்துவிட்டால் கிடைக்கும் சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். மூடியைக் கழுத்தின் மேல் வைத்துக் கையை எடுத்தால் காற்று மெல்ல வெளியேற, மூடி தன் எடையிலேயே நிதானமாக இறங்கி உட்காரும். இழுத்தால் "டப்" என்று ஒரு சத்தம். எத்தனை தடவை செய்தாலும் அலுக்காது. ஆனால் குங்குமச் சிமிழுக்கு மட்டும் இந்தப் பொருத்தம் கூடவே கூடாது. "டப்" என்று திறக்கும்போது குங்குமம் புடவையெல்லாம் சிதறும். அதற்குக் கழுத்து 4 மி.மீ., ஒரு கையால் எடுக்கும் தளர்ச்சி.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. ஸ்க்ரோலில் கிரீஸ் போடாதீர்கள், தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். பிரஷ் போட்டுத் துடைத்தால் போதும்.

இவ்வளவு சொல்லியும், சிமிழுக்காக மட்டும் என்றால் விலை இறங்கியிருந்தாலும் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கர்நாடகத்துச் சன்னபட்னாவின் கடைசல்காரர்கள் ஒரே பிடிப்பில் கடைந்து, சுற்றும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி, தாழை ஓலையால் மெருகேற்றி, அறுத்து எடுக்கிறார்கள். மறுபிடிப்பு என்ற தொல்லையே அங்கே இல்லை. லேத்தோடு வந்த ஃபேஸ்பிளேட்டில் (ஸ்பிண்டிலில் ஏறும் தட்டையான தட்டு) ஒரு பலகைத் துண்டைத் திருகி, அதில் கட்டையை ஃபெவிகாலால் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு நீங்களும் அப்படியே செய்யலாம். முதலில் நுனியில் மூடியின் உட்புறம், அதை அறுத்தெடுத்ததும் கழுத்து, பிறகு மூடியைச் செருகி வெளிப்புறம். மூடி தலைகீழாகத் திரும்புவதால் ரேகை மூட்டில் ஒன்றாக ஓடாது, அது ஒன்றுதான் நஷ்டம். பலகை 20 மி.மீ. தடிமனுக்குக் குறைந்ததும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அறுக்கும்போது உளி திருகாணியில் மோதும்.