மீன் தொட்டியையும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கையெழுத்துப் போடும் முன்

வீடு மாற்றித் தரும் நிறுவனங்கள் சில, மீன் தொட்டியையும் மீன்களையும் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதாகச் சொல்லி அதற்கென்று தனிக் கட்டணம் வாங்குகின்றன. அப்படிப்பட்ட ஒன்றை நம்பிக் கொடுத்தேன். என் மீன்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. புகார் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட, அவர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி தெரிவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

மீன்கள் அனைத்தும் உயிரோடுதான் வந்து சேர்ந்தன. அதுதான் அவர்களுடைய துருப்புச்சீட்டு. பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள், "எல்லாம் நீந்துகின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள், ஒப்படைப்புச் சீட்டை நீட்டினார்கள். அடுத்த வாரத்தில் நடந்தவை எதற்கும் அந்தச் சீட்டில் இடம் இல்லை. வீடு மாற்றத்தில் மீன்கள் சாவது பெரும்பாலும் வண்டியில் அல்ல. புதிய வீட்டில், தொட்டியை மறுபடி ஓடவிட்ட பிறகு. இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துக்கு அத்தனை அவசரம் எதற்கு?

பேரம் பேச வந்தவர் இனிமையாகப் பேசினார். மீன் நிபுணர் ஒருவர் வருவார், ஆக்சிஜன் அடைத்துக் கட்டுவோம் என்றார். குறித்த நாளில் வந்தவர்கள் பீரோவையும் கட்டிலையும் தூக்க வந்த அதே ஆட்கள். ஆக்சிஜன் சிலிண்டர் வரவே இல்லை. பாலித்தீன் பையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரை நிரப்பி, மிச்ச இடத்தில் வெறும் காற்றோடு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார்கள். தண்ணீர் அதிகம் இருந்தால் மீனுக்கு நல்லதுதானே என்று தோன்றும். நடைமுறை நேர்மாறானது: பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். அப்படி அடைத்தால் ஒரு நாள் பயணத்தையும் மீன் தாங்கும்; வெறும் காற்று சில மணி நேரத்துக்குத்தான் காணும். பையின் அடி மூலைகளை மடக்கிக் கட்டாவிட்டால் சின்ன மீன்கள் அங்கே சிக்கி நசுங்கும். கோரிடோராஸ் போன்ற முள் உள்ள மீன்களுக்கு இரட்டைப் பை வேண்டும். ஒற்றைப் பையில் போட்டார்கள், முள் குத்தி வழியெல்லாம் கசிந்திருக்கிறது. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கழிவு பைத் தண்ணீரிலேயே சேரும். அதை நானாகவே செய்திருந்தேன். அவர்கள் சொல்லவில்லை.

அடுத்து தொட்டி. சரளைக்கல்லை எடுக்காமல், அதன் மேல் ஒரு சாண் தண்ணீரையும் விட்டுவைத்து, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். தடுத்தபோது, "இதையெல்லாம் வாரிக் கொட்டினால் நேரமாகும் சார்" என்று பதில் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கல் அதைவிடக் கனம். அந்தப் பாரத்தோடு தூக்கும்போது அடிக்கண்ணாடி வளைந்து கொடுக்கும், சிலிக்கான் ஒட்டு இழுபடும். புது வீட்டில் நிரப்பியதும் பின்மூலையில் நீர் கோத்தது. பழைய தொட்டி அப்படித்தான் இருக்கும் என்று கைகழுவிவிட்டார்கள்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய சேதங்கள். மீன்களைக் கொன்றது அவர்கள் செய்த ஓர் உபகாரம். நான் பாத்திரங்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்துக் கழுவி, உலர்த்தி, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார்கள். ரசீதில் "ஃபில்டர் சுத்தம்: இலவசம்" என்று ஒரு வரி வேறு.

அந்தப் பழுப்பு நிற வழவழப்பு அழுக்கு இல்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில்தான் வாழ்கின்றன. தண்ணீரில் அவை மிகக் குறைவு. பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்தாலும் அவற்றைக் கொண்டுவர முடியாது. குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொல்லும், உலர்ந்தாலும் சாகும். மறுபடி ஒரு தொட்டியில் அவை நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன்கள் தங்கள் கழிவிலேயே கிடக்கும்.

புது வீட்டில் இன்னொரு காரியமும் செய்தார்கள். "கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று எல்லாப் பைகளையும் கிழித்து, மீன்களை அதே தண்ணீரோடு வாளிகளில் ஊற்றிவிட்டு, தொட்டியைப் பொருத்தப் போய்விட்டார்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியாவில் பெரும்பங்கு அம்மோனியம் என்ற, அவ்வளவு நச்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். நீண்ட பயணத்துக்குப் பிறகு பையைப் பிரித்தால் தாமதமின்றி மீனை நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். தொட்டி தயாராகும்வரை கட்டிய பை கட்டியபடியே இருக்கட்டும்.

சில நாட்களில் நியான் டெட்ராக்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சோதனைத் திரவம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் காட்டியது. ஓடிப் பழகிய தொட்டியில் இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டியவை. குளோரினை நீக்கும் மருந்து கலந்து தினமும் தண்ணீர் மாற்றினேன். டெட்ராக்கள் போயின, பிறகு ஏஞ்சல் மீன்கள். கௌராமியும் கப்பிகளில் சிலவும் பிழைத்தன.

புகாருக்கு வந்த பதில்: நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது, மேலும், ஒப்பந்தத்தின் பின்பக்கப் பொடியெழுத்தின்படி உயிரினங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அப்படியானால் "மீன்களுக்கான சிறப்புக் கட்டணம்" எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பதிலாக, பாக்டீரியா திரவப் புட்டி ஒன்றைக் குறைந்த விலையில் தருவதாகச் சொன்னார்கள். கழுவி ஊற்றியதும் அவர்களே, விற்க வருவதும் அவர்களே.

ஆகவே, யாராவது மீன் தொட்டியை மாற்றித் தருவதாகச் சொன்னால், "ஃபில்டருக்குள் இருப்பதை எப்படிக் கொண்டுபோவீர்கள்?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர், கழுவாமல், தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காற்றுப் படும்படி வைத்துக் கொண்டுபோவோம் என்பார். கழுவிப் பெட்டியில் போடுவோம் என்றாலோ, ஃபில்டரை அப்படியே மூடி எடுத்துப்போவோம் என்றாலோ, அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மூடிய ஃபில்டரில் தேங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அங்கேயும் பாக்டீரியாக்கள் செத்து அழுகும்.

ஆக்சிஜன் அடைப்பு, கல்லையும் தண்ணீரையும் முழுக்க வெளியேற்றுவது, ஃபில்டரைக் கழுவாதது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உயிரினங்களுக்குப் பொறுப்பில்லை என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். ஒப்படைப்புச் சீட்டில், "மீன்களின் நிலை ஒரு வாரத்துக்குப் பின் உறுதிசெய்யப்படும்" என்று உங்கள் கைப்பட எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் காலித் தொட்டியை மட்டும் அவர்கள் வண்டியில் ஏற்றுங்கள். மீன்களைப் பையில் அடைக்க, ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் வண்ணமீன் கடைக்காரரே போதும். அவருக்குச் சரக்கு வருவதே அப்படித்தான். பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடி, ஃபில்டர் ஸ்பாஞ்சு உள்ள வாளியோடு உங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள்.