வாடகை ஈ.டி.ஆர். ஸ்கிட்: ஸ்டாக் பரவாயில்லை, கொட்டேஷன்தான் அரைகுறை

மணலி, எண்ணூர் பக்கம் எண்ணெய்க் கழிவுநீரில் உப்பெடுக்க வாடகைக்கு இறக்கித் தருகிற ஈ.டி.ஆர். (எலக்ட்ரோடயாலிசிஸ் ரிவர்சல், அதாவது மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கும் முறை) ஸ்கிட் இது; ஒரே சட்டத்தில் பொருத்தி வரும் யூனிட். கொட்டேஷனில் வருவது ஸ்டாக் (மெம்பரேன் அடுக்கு), ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், பம்புகள், 10 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர். அவ்வளவுதான்.

ஸ்டாக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோடியத்தை விடும் மெம்பரேனும் குளோரைடை விடும் மெம்பரேனும் மாறி மாறி அடுக்கியிருக்க, டிசி கொடுத்ததும் ஓர் அறையில் உப்பு குறையும், அடுத்ததில் ஏறும். ஒரு கிலோ உப்பை நகர்த்த செல் ஜோடிக்கு (அடுத்தடுத்த இந்த இரண்டு அறைக்கு) 0.5 வோல்ட் என்று வைத்தால் சுமார் 0.23 யூனிட். டிடிஎஸ் (கரைந்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 5,000 உள்ள நீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பான 2,100க்கு இறக்க கனமீட்டருக்கு 0.7 யூனிட் போதும். பம்ப் செலவு தனி. இதே கணக்கில் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் 50,000 டிடிஎஸ் நீருக்கு 11 யூனிட் ஆகும், மெம்பரேனும் அந்த உப்பில் சரியாகப் பிரிக்காது. ரிஃபைனரி கழிவுநீருக்கு எடுக்கலாம், எண்ணெய்க் கிணற்று நீருக்கு வேண்டாம்.

பொலாரிட்டி (பிளஸ், மைனஸ்) 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவதால் ஸ்கேலிங், அதாவது மெம்பரேனில் உப்புப் படிவது, குறைகிறது. ஆனால் மாறியவுடன் அறைகளும் இடம் மாறுவதால் ஓரிரு நிமிடம் உப்புநீர்தான் வரும். அதைத் திருப்பிவிடும் வால்வை இவர்கள் டைமரில் ஓட்டுகிறார்கள். ஃப்ளோ கொஞ்சம் குறைந்தாலும் உப்புநீர் நல்ல டேங்கில் விழும். உப்பை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள்.

பெரிய ஓட்டை முன்பகுதியில்தான். எமல்ஷனாக, நுண்துளிகளாக நீரில் கலந்து இருக்கும் எண்ணெயைக் கார்ட்ரிட்ஜ் பிடிக்காது. டிஏஎஃப் (காற்றுக் குமிழ் விட்டு எண்ணெயை மிதக்கவைத்து எடுப்பது), அதன்பின் வால்நட் ஓட்டுத் துகள் நிரப்பிய வால்நட் ஷெல் ஃபில்டர் வைத்து எண்ணெயை லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும், இரும்பு 0.3, மாங்கனீஸ் 0.1 தாண்டக்கூடாது. கச்சா எண்ணெயில் உள்ள நாப்தனிக் அமிலங்கள் ஆனயன் மெம்பரேனுக்குள் (குளோரைடை விடுவது) போய் உட்கார்ந்துகொள்ளும். அதே ஆம்பியருக்கு வோல்ட் ஏறிக்கொண்டே போனால் இதுதான் வியாதி. அதைக் கழுவ காஸ்டிக் சோடா கலந்த 5% உப்புக் கரைசல், ஸ்கேலுக்கு 2 முதல் 5% ஹைட்ரோகுளோரிக் அமிலம். எதற்கு எது என்று பார்க்காமல் அமிலத்தையே ஊற்றினால் எண்ணெய்ப் படிவு அசையாது.

சிலிக்காவும் பென்சீனும் மின்னேற்றம் இல்லாதவை, அப்படியே வெளியே வரும். பாய்லருக்கு நேராக விடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எலக்ட்ரோடில் ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும். வென்ட் லைனைக் கூரைக்கு மேலே கொண்டுபோகாமல் ஷெட்டுக்குள்ளேயே விட்டிருப்பது ரிஃபைனரி பக்கத்தில் ஏற்கவே முடியாதது. மே மாத வெயிலில் நீர் 45 டிகிரியைத் தொட்டால் மெம்பரேன் தாங்காது, கூலர் தேவை. நிறுத்தி வைக்கும்போது காயவும் விடக்கூடாது.

கான்சன்ட்ரேட் (பிரித்தெடுத்த உப்பு சேர்ந்த நீர்) எங்கே போகும் என்ற கேள்விக்குக் கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை. பக்கிங்காம் கால்வாயில் விட முடியாது. அதை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வாடகையும் டேங்கர் கூலியும் சேர்த்துத் திருத்திய கொட்டேஷன் வாங்கிய பிறகு ஆர்.ஓ.வோடு ஒப்பிடுங்கள்.