காட்டியது 931 ஜிபி, இருந்தது 32: பென் டிரைவ் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

ஒரு பென் டிரைவை நம்பி எங்கள் வீட்டின் பல வருடப் படங்களை இழந்துவிட்டேன். படிக்கிற ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு டிபி என்று போட்டிருந்தது. உலோக உறை, கையில் எடுத்தால் நல்ல கனம். கணினியில் செருகி அளவைப் பார்த்தேன், 931 ஜிபி என்று காட்டியது. விற்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுவார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கும். அதனால் உண்மையான ஒரு டிபியும் அதில் 931 என்றுதான் தெரியும். இது எனக்கு முன்பே தெரியும். அந்த எண்ணைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. விற்றவரிடமும் செய்தி அனுப்பிக் கேட்டேன். "மேடம், ஒரு ஃபைல் போட்டுத் திறந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்றார். போட்டேன், திறந்தது.

அப்புறம் வருடவாரியாகக் கோப்புறைகள் போட்டு, பழைய மடிக்கணினியில் இருந்த 180 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் நகலெடுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பிழைச்செய்தி எதுவும் இல்லை. முதல் கோப்புறையில் பத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரி. மடிக்கணினியை அழித்து அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மா ஒரு படம் கேட்டார்கள். அப்பா கடைசியாக எங்களோடு வெளியூர் வந்தபோது எடுத்தது. கோப்பின் பெயர் இருந்தது. தேதி இருந்தது. 4.2 எம்பி என்று அளவும் இருந்தது. திறந்தால் திறக்கவில்லை. பக்கத்துப் படமும் திறக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அப்படியே, அதற்குப் பிந்தைய வருடங்களும் அப்படியே. பின்னோக்கிப் போகப் போக ஓர் இடத்தில் ஒரே ஒரு படம் பாதியாகத் திறந்தது. அப்பாவின் நெற்றி, கண், மூக்கு, சட்டைக் காலர் வரை இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்கு முந்தைய படங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அந்தப் படத்தில்தான் பென் டிரைவ் முடிந்துபோயிருக்கிறது.

தரவு மீட்பு வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். திறக்காத படம் ஒன்றை ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது கோப்புக்குள் இருக்கும் தரவை அப்படியே எண்களாகக் காட்டும் மென்பொருளில், திறந்து காட்டினார். ஜேபெக் (JPEG) படம் என்றால் முதல் இரண்டு பைட் எஃப்எஃப், டி8 (FF, D8) என்று இருக்க வேண்டும். இதில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 00, 00, 00 மட்டுமே. "மீட்கணும்னா முதல்ல அது எழுதப்பட்டிருக்கணும் அக்கா. இது எழுதப்படவே இல்லை" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பென் டிரைவுக்குள் நினைவகச் சிப்போடு அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் என்ற சிப்பும் உண்டு. "உன் கொள்ளளவு என்ன?" என்று கணினி அதைத்தான் கேட்கும், அது சொல்வதை அப்படியே நமக்குக் காட்டும். கணினி எதையும் அளந்து பார்ப்பதில்லை. என்னுடையதில் 32 ஜிபி நினைவகத்தை வைத்துவிட்டு, கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி ஒரு டிபி என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்து நம்பிய 931, ஏமாற்றியவரே எழுதி வைத்த எண்.

கோப்புகளின் பெயர், தேதி, அளவு எல்லாம் கோப்புறைப் பட்டியலில் இருக்கும். நான் கோப்புறைகளை முதலிலேயே உருவாக்கியதால் அந்தப் பட்டியல் நிஜமான 32 ஜிபிக்குள் விழுந்து பிழைத்துக்கொண்டது. அதற்கு மேல் வந்த படங்களை எல்லாம் கன்ட்ரோலர் வாங்கிக்கொண்டு, எழுதியாயிற்று என்று பதில் சொல்லிவிட்டுக் கைவிட்டிருக்கிறது. வேறு சில போலிகளில், இடம் தீர்ந்ததும் புதிய தரவு சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதப்படுமாம். அதில் முதலில் போட்டதுதான் முதலில் அழியும்.

"ஒரு ஃபைல் போட்டுப் பாருங்க" என்று விற்றவர் சொன்னதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. காலி டிரைவில் போடும் முதல் கோப்பு எப்போதும் திறக்கும், அது அவருக்குத் தெரியும். நான் திறந்து பார்த்த பத்துப் படங்களும் முதல் கோப்புறைதானே? கடைசிக் கோப்புறையை ஒரு முறை திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நகலெடுத்த கையோடு திறந்தால் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே காட்டிவிடலாம். டிரைவை முறையாக வெளியே எடுத்து, மறுபடி செருகிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கோப்புறையைத் திறந்ததும் வரிசையாகத் தெரியும் சிறுபடங்களையும் (தம்ப்நெயில்) நம்பாதீர்கள். அவற்றைக் கணினி தனியாகச் சேமித்து வைத்திருக்கலாம், உள்ளே படம் இல்லாவிட்டாலும் தெரியும்.

இன்னொன்றையும் பிறகுதான் கவனித்தேன். யூஎஸ்பி 3.0 என்று போட்டு, முனையின் உள்ளே நீல பிளாஸ்டிக்கும் வைத்திருந்தார்கள். நிஜமான யூஎஸ்பி 3.0 முனையில் ஒன்பது தொடுமுனைகள் இருக்கும், முன்னால் நான்கு, உள்ளே தள்ளி ஐந்து. டார்ச் அடித்துப் பார்த்தால் இதில் நான்குதான். நீலம் வெறும் சாயம். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், அரை நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும்.

விற்றவருக்கு எழுதினேன். "கணினியில் 931 காட்டுதா இல்லையா?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலமும் அதற்குள் முடிந்திருந்தது.

இனி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது இது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. காலி டிரைவை முழுக்கத் தரவால் நிரப்பி, பிறகு திரும்பப் படித்து ஒப்பிட்டு, உண்மையில் எவ்வளவு தேறுகிறது என்று சொல்லும். நேரம் எடுக்கும். நொடிக்கு 20 எம்பி வேகம் என்றால் ஒரு டிபியை நிரப்பவே 14 மணி நேரம் ஆகும், படிப்பதற்குத் தனி நேரம். ஆகட்டும். பணம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். மெமரி கார்டுக்கும் இதுவே பொருந்தும். வெளிப்புற எஸ்எஸ்டி (கணினிக்கு வெளியே இணைக்கும் சேமிப்பகம்) என்று பெரிய பெட்டியில் விற்பவற்றுக்குள்ளும் மெமரி கார்டை ஒட்டி வைத்து ஏமாற்றுகிறார்கள்.

சோதனை முடியும் வரை பழைய கணினியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். சோதனையில் தேறினாலும் ஒரே ஒரு பிரதியோடு நிறுத்தாதீர்கள்.

ஏற்கனவே உங்களிடம் இப்படி ஒன்று இருந்து சந்தேகம் வந்தால், அந்த நிமிடமே அதில் எழுதுவதை நிறுத்துங்கள். சோதனை மென்பொருளையும் உடனே ஓட்டாதீர்கள். திறக்கிற கோப்புகளை எல்லாம் முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வையுங்கள். உறவினர்களுக்கு முன்பு அனுப்பிய படங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அம்மா கேட்ட படம் சித்தியின் கைபேசியில் கிடைத்தது. சின்ன அளவில் இருக்கிறது, பெரிதாக்கினால் மங்குகிறது, ஆனால் அப்பா முழுதாக இருக்கிறார்.