மிஸ் மார்வல் 7வது வால்யூம்: ஹீரோயின் வராத இஷ்யூக்காகவே வாங்கலாம்

நான் வாங்கினது மிஸ் மார்வல்ங்கற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரிசைல "டேமேஜ் பெர் செகண்ட்"னு வந்த தொகுப்பு, 13ல இருந்து 18 வரைக்கும் ஆறு இஷ்யூ (தனித்தனியா வந்த இதழ்). நடுவுல இருக்கற நாலும் ஒரே கதை, ஆன்லைன் கேம்ல புகுந்த வைரஸ் ஒன்னு ஸ்கூல் புள்ளைங்க ரகசியத்த எல்லாம் தோண்டி எடுத்து மிரட்டுது. நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் சொல்ல வந்தது முதல் இஷ்யூவும் கடைசி இஷ்யூவும். ரெண்டும் தனித்தனியா முடியற கதை, எங்க காமிக்ஸ் வாட்ஸப் குரூப்புல மூணு நாள் சண்ட நடந்ததும் இந்த ரெண்ட வச்சுத்தான்.

தெரியாதவங்களுக்கு: மிஸ் மார்வல்ங்கறது கமலா கான், அமெரிக்காவுல ஜெர்சி சிட்டில பாகிஸ்தானி குடும்பத்துப் பொண்ணு, 16 வயசு, உடம்ப நீட்டுவா, கைய மட்டும் மினிபஸ் சைஸுக்கு ஆக்குவா, ஆனா ராத்திரி லேட்டானா அம்மாகிட்ட பதில் சொல்லணும். 2014ல ஆரம்பிச்ச தொடர், இந்தக் கதைகள எழுதினது ஜி. வில்லோ வில்சன், முதல் தொகுப்புக்கு 2015ல அறிவியல் புனைகதைக்குக் குடுக்கற ஹ்யூகோ விருது கெடச்சுது.

13வது இஷ்யூ 2016 அமெரிக்கத் தேர்தல் சூட்டுல வந்தது. வில்லன் கூட்டம் தொகுதி எல்லைய வளைச்சு நெளிச்சு வரைஞ்சு வச்சுக்கிட்டு தன்னோட ஆள மேயராக்கப் பாக்குது, ஓட்டு போடற வயசே வராத கமலா ஊர்க்காரங்கள எல்லாம் ஓட்டு போட வைக்க அலையறா. குரூப்புல பாதிப் பேருக்கு இது புடிக்கல, "ஸ்கூல் அசெம்ப்ளில டீச்சர் பேசற மாதிரி இருக்கு லா"ன்னு ஒருத்தர் போட்டாரு, அதுல நியாயம் இல்லாம இல்ல, சில பக்கத்துல ஆளுங்க பேசல, பிரசுரம்தான் பேசுது. ஆனா எங்க மாமா ஒருத்தர், தொண்ணூறுகள்ல இங்க சிங்கப்பூர்ல தஞ்சோங் பகார்ல குடியேறினவரு, தொகுதில போட்டியே இல்லாததால 2015 வரைக்கும் பொதுத்தேர்தல்ல ஒரு ஓட்டு கூட போட்டதில்ல. அந்தக் கதையக் கேட்டு வளந்தவனுக்கு, ஓட்டு போடலைன்னா பட்டியல்ல இருந்து பேரையே எடுத்துடற ஊர்ல உக்காந்துக்கிட்டு, சும்மா கெடக்கற ஓட்டப் போடுங்கன்னு ஒரு பொண்ணு கெஞ்சறதப் படிக்க வேற மாதிரி இருந்துச்சு. அதுக்காக மார்க்கக் கூட்டிப் போட மாட்டேன், ஒரு தடவ படிக்கலாம், அவ்ளோதான்.

18வதுதான் விஷயம். இதுல கமலாவ தேட வேண்டாம். முழுக்க ப்ரூனோவோட கதை. அவளோட சின்ன வயசு நண்பன், முந்தின வால்யூம்ல நடந்த வெடிப்புல ஒரு கை ஒரு கால் சரியா வேல செய்யாம போயி, அவமேல கோவத்தோட வக்காண்டாவுக்கு (மார்வல் கதைல வர்ற ஆப்பிரிக்க நாடு) படிக்கப் போயிட்டான். ஊர்ல இவன்தான் மூளைக்காரன், அங்க போனா கிளாஸ்ல இருக்கற எல்லாருமே மூளைக்காரங்க, இவன் என்ன செஞ்சாலும் மெதுவாத்தான் தெரியுது. ரூம்மேட் குவேஸி ரொம்ப வாய், இவன் கையப் பாத்து பாவப்படவே மாட்டேங்கறான், அதுதான் ப்ரூனோவுக்கு மருந்தா அமையுது. அத வாயத் தொறந்து யாரும் சொல்றதில்ல, நமக்கே புரியுது.

"காசு குடுத்தது மிஸ் மார்வலுக்கு, இது ஃபில்லர், சும்மா எடத்த நெரப்பற கதை"ங்கறது குரூப்புல பெரும்பான்மை. எனக்கு இந்த ஃபில்லர்ங்கற வார்த்தையே ஒத்து வராது. நம்ம ஆளுங்க தமிழ்ல வந்த லயன் காமிக்ஸ் படிச்சு வளந்தவங்கதானே, 1984ல லயனோட முதல் புத்தகமே மாடஸ்டிங்கற ஹீரோயினோட கதை, வாங்கினா ஒரே மூச்சுல கதை முடியும், கடைசிப் பக்கத்துல "தொடரும்"னு பாத்தாதான் வயிறு எரியும். இப்ப என்னடான்னா ஒரே இஷ்யூல முடிஞ்சா கொற சொல்றாங்க. ஒரு சூப்பர் ஹீரோ சண்ட போட்டா பக்கத்துல நின்னவனுக்கு அப்பறம் என்ன ஆச்சுன்னு எந்தக் கதை கேக்குது? இது கேக்குது, இருபது பக்கத்துல. கமலா வராததே ப்ரூனோவோட கோவத்தக் காட்டத்தான்னு எனக்குத் தோணுது, அவ ரெண்டு பக்கம் வந்து மன்னிப்பு கேட்டிருந்தா எல்லாம் கெட்டிருக்கும்.

குறைன்னா படம்தான், 13க்கு ஒரு ஓவியர், நடுவுல டக்கேஷி மியாசாவா, 18க்கு இன்னொருத்தர், பக்கத்தப் பொரட்டினா மூஞ்சியெல்லாம் மாறுது. நான் ஆன்லைன்ல 27 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன், மூலை மடங்கித்தான் வந்துச்சு, விக்கறவருக்கு மெசேஜ் போட்டா கட்டைவிரல் எமோஜி ஒன்னு வந்துச்சு.

முழுத் தொடரும் வேண்டாம், தனிக்கதை மட்டும் ருசி பாக்கணும்னா "க்ரஷ்ட்"னு வந்த 3வது வால்யூம்ல இருந்து ஆரம்பிங்க, அதுல 12வது இஷ்யூ (நடுவுல நம்பர திரும்ப ஒன்னுல இருந்து ஆரம்பிச்சுட்டாங்க, அதனாலதான் 3வது வால்யூம்லயே 12), வேலண்டைன்ஸ் டே டான்ஸுக்கு குறும்புக் கடவுள் லோக்கி வந்து பண்ற அலம்பல், அத புடிக்காதுன்னு சொன்ன ஆள நான் இன்னும் பாக்கல.

என் 7வது வால்யூம் இப்ப கைல இல்ல. ஃபில்லர்னு கத்தினவர்ல ஒருத்தர் தெம்பனிஸ் கோப்பிக்கடைல "சும்மா பாத்துட்டுத் தரேன்"னு வாங்கிட்டுப் போயி ஒரு மாசமாகுது, கேட்டா பொண்டாட்டி படிக்கறாங்கன்னு சொல்றாரு.