பாம்பன் பாலத்து மழையில் பின்லாக் லென்ஸ்: வைசரில் ஆவி படியாமல் காக்கிறதா?

ஹெல்மெட் வைசரில், அதாவது முகத்துக்கு முன்னால் வரும் கண்ணாடியில், ஆவி படிகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "கொஞ்சம் தூக்கி விட்டு ஓட்டுங்கண்ணே, சரியாப் போயிரும்" என்பதுதான். பரமக்குடி, மதுரைப் பக்கம் அது சரியான யோசனை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பன் பாலத்துக்கு அது உதவாது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரு பக்கமும் திறந்த கடல், காற்றை மறைக்க ஒரு மரம் கிடையாது. பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்த இடம் அது. அங்கே வைசரை ஒரு விரல் அளவு தூக்கினாலும் மழைத்தண்ணீர் நேராகக் கண்ணுக்குள் வரும், கூடவே உப்புச்சாரலும் வரும். மூடினால் ஆவி, திறந்தால் தண்ணீர். இரண்டு கையும் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருக்க வேண்டிய காற்றில் எதைச் செய்வது?

உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான், பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் இந்த ஆவிப் பிரச்சினைக்கு என்னென்ன கிடைக்குமோ எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். கடைசியில் நின்றது பின்லாக் லென்ஸ், வைசருக்கு உட்புறத்தில் மாட்டும் இன்னொரு மெல்லிய லென்ஸ். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் மற்றவற்றையும் சொல்லாமல் இதன் அருமை புரியாது.

முதலில் ஒரு விஷயம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில்தான் வைசர் மங்கும், நம்ம ஊர் வெக்கையில் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நாம் விடும் மூச்சு கிட்டத்தட்ட 34 டிகிரி சூட்டில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. வெளியே மழை 25 டிகிரி அளவில் வைசரை நனைத்துக்கொண்டே இருக்க, ஓடும் வண்டியின் காற்றும் சேர்ந்து அதைக் குளிர வைக்கிறது. அந்தப் பத்து டிகிரி வித்தியாசம் போதும். மூச்சிலுள்ள ஈரம் வைசரின் உட்புறத்தில் பொடிப்பொடித் துளிகளாகப் படிந்துவிடும். அந்தத் துளி ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு ஒரு புள்ளியாகத் தெரியாமல் வைசர் முழுக்க வெள்ளையாகப் பரவுகிறது. ரோட்டில் படுத்திருக்கும் மாடு அந்த வெள்ளைக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதில் நம் கரைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மலைப்பகுதியில் ஹெல்மெட்டின் காற்றுத் துவாரத்தைத் திறந்தால் உள்ளே வருகிற குளிர்ந்த காற்றில் மொத்த ஈரம் குறைவு, ஆவியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். மண்டபத்தில் மழை நேரத்துக் காற்றே ஈரம் நிறைந்தது. துவாரத்தைத் திறப்பதில் பலன் உண்டு, ஆனால் அரைப் பலன்தான்.

ஆவி படியாமல் இருக்க வழி மூன்றுதான். மூச்சு வைசர் மேல் படாமல் திருப்பி விடுவது, படிந்த ஈரம் துளியாகாமல் மெல்லிய படலமாகப் பரவ வைப்பது, வைசரின் உட்புறம் குளிராமல் பார்ப்பது. விற்கிற பொருட்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுதான், என்ன பெயர் வைத்தாலும்.

மூச்சைத் திருப்புவதற்கு மூக்குக்கு மேலே வரும் ரப்பர் தடுப்பு நல்ல ஹெல்மெட்டுகளில் கூடவே வரும். அதைக் கழற்றி எறியாதீர்கள். மழைக்காலத்தில் அது இருந்தால் ஆவி பாதியாகக் குறைகிறது என்பது என் அனுபவம். மூச்சு கீழ்நோக்கிப் போக இடம் வேண்டும், அதனால் தாடைக்குக் கீழே மாட்டும் துணியை மட்டும் மழையில் கழற்றி வைத்துவிடுவேன்.

இரண்டாவது வகைதான் ஸ்பிரே, ஜெல் எல்லாம். இதை நம் கடற்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முக்குளிப்பவர்கள் கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவி, கடல்தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு மாட்டிக்கொள்வது எந்தக் காலத்திலிருந்தோ நடக்கிறது. ஸ்பிரே செய்வதும் அந்த வேலையைத்தான். கண்ணாடி மேல் தண்ணீர் உருண்டு நிற்காமல் பரவி ஓட வைக்கிறது, பரவினால் பார்வை மங்காது. பேபி ஷாம்பூ ஒரு சொட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு தடவித் துடைத்தாலும் அதே பலன் கிடைக்கும். குறை என்ன என்றால், அது நிற்காது. கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், படிந்த ஈரத்தில் சோப்பு கரையக் கரைய மறுபடி மங்க ஆரம்பிக்கும், ஒரு தடவை உட்புறத்தைக் கையால் துடைத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. உச்சிப்புளியில் தடவினால் பாம்பனுக்கு வரும்போது பாதி போயிருக்கும். ராமநாதபுரம் டவுனுக்குள் கடைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது போதும், காசும் மிச்சம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஒட்டுப் படலம் ஒன்றும் வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். வைசரில் அப்படியே ஒட்டுகிற ரகம். ஒட்டிய புதிதில் நன்றாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் வண்டியோடு ஹெல்மெட்டையும் வெளியே மாட்டி வைத்ததில் பசை இளகி, நடுவில் குமிழ் குமிழாகக் கிளம்பிவிட்டது. அதை உரித்த பிறகு பசையை எடுப்பது பெரிய வேலை, தின்னர் தொட்டால் வைசரே பாழாகும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒட்டுகிற எதுவும் சரிப்படாது என்பது என் முடிவு.

இப்போது பின்லாக். இது மூன்றாவது வகை, உட்புறம் குளிராமல் பார்க்கும் வழி. நெதர்லாந்து நாட்டுக் கம்பெனி. வைசருக்கு உட்புறத்தில் இன்னொரு மெல்லிய லென்ஸ், அதன் விளிம்பைச் சுற்றிலும் ரப்பர் மாதிரியான சிலிகோன் வரம்பு. மாட்டியதும் அந்த வரம்பு வைசரோடு அழுந்தி, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காற்று சிறைப்படுகிறது. வெளி வைசர் மழையில் எவ்வளவு குளிர்ந்தாலும் நடுவிலுள்ள காற்று அந்தக் குளிரை உள்ளே விடாது, மூச்சு படும் உள் லென்ஸ் அவ்வளவு குளிராது. அதோடு அந்த லென்ஸ் செய்யப்பட்ட பிளாஸ்டிக்கே ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும் தன்மை உள்ளது. 30, 70, 120 என்று மூன்று தரம் உண்டு, எண் கூடக் கூட ஆவியைத் தாங்கும் சக்தி கூடும். நான் வைத்திருப்பது 70. இந்தக் கரைக்கு 120 தேவையில்லை என்று நினைக்கிறேன், அது பனி கொட்டும் நாட்டுக்கு.

பசை எதுவும் கிடையாது. வைசரின் இரு ஓரத்திலும் ஓரத்துக்கு ஒன்றாகச் சிறு முளை இருக்கும், லென்ஸ் அதில்தான் மாட்டி நிற்கும். வைசரில் அந்த முளை இருந்தால் மட்டுமே இது பொருந்தும், எல்லா ஹெல்மெட்டுக்கும் பொருந்தாது. நம் நாட்டில் விற்கும் எஸ்.எம்.கே. போன்ற கம்பெனி ஹெல்மெட்டுகளில் சில மாடல்களுக்கு 'பின்லாக் ரெடி' வைசர் வருகிறது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். இல்லாத வைசரில் துளை போட்டு முளை வைக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வைசரின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கண்டபடி துளை போட்டால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் சரியாக மாட்டாதவர்கள். வைசரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய விடுங்கள். ஒரு ஆள் வைசரை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, இன்னொருவர் லென்ஸை முளைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். விரித்த பிடியை விட்டதும் வைசர் தன் வளைவுக்குத் திரும்பும், லென்ஸ் இறுகி உட்காரும். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சிலிகோன் வரம்பு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். எங்காவது விலகித் தெரிந்தால் முளையைத் திருகுங்கள். அந்த முளை மையம் விலகிச் செய்யப்பட்டது, திருகத் திருக லென்ஸ் இறுகும் அல்லது தளரும். இது கம்பெனிப் பேப்பரில் இருப்பதுதான். நான் சேர்ப்பது ஒன்று: மழை பெய்யும் சாயங்காலத்தில் இதை மாட்டாதீர்கள். அந்த ஈரக் காற்றே நடுவில் சிறைப்பட்டுவிட்டால் ஆவி இரண்டுக்கும் நடுவில் படியும், துடைக்கவும் முடியாது. நல்ல வெயில் நாளில், உச்சி நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து மாட்டுங்கள்.

பலன் எப்படி? உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை சாதாரண மழையில் நடுப்பகுதி துளிகூட மங்கவில்லை. மண்டபம் செக்போஸ்ட் பக்கம் மழையில் நின்று காத்திருக்கும்போதுதான் எந்த வைசரும் மூடிக்கொள்ளும், காற்றோட்டம் இருக்காதே. அங்கேயும் லென்ஸ் இருந்த இடம் தெளிவாக இருந்தது, அதைச் சுற்றியுள்ள ஓரம் மட்டும் வெள்ளையாகிவிட்டது. ஓரத்தில் சிலிகோனுக்கு வெளியே உள்ள பகுதி வெறும் வைசர்தான், அது மங்கத்தான் செய்யும். பாலம் ஏறி, உச்சியில் வாடைக்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, வைசரை முழுசாக மூடி வைத்துக்கொண்டு, எதிர் பஸ்ஸின் விளக்கு எங்கே, ஓரச் சுவர் எங்கே என்று பார்த்து ஓட்ட முடிந்தது. அதற்கு முன் அந்தப் பாலத்தில் மழையில் அப்படி ஓட்டியதே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

தனுஷ்கோடி ரோட்டில் பிரச்சினை வேறு. தெற்கே ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் சீறும் கடல், வடக்கே பெண்கடல் என்னும் அமைதியான கடல், நடுவில் ரோடு. அரிச்சல்முனை வரை காற்று மணலை ரோட்டுக்கு அள்ளிக் கொட்டும், அதனால் மழை இல்லாத நாளிலும் வைசரைத் திறக்க முடியாது. அங்கே ஆவி அவ்வளவு வராது, ஆனால் காலையில் வெளிச்சம் வருமுன் போனால் பின்லாக்கின் உதவி தெரியும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இரவில் எதிரே வரும் விளக்கு இரண்டாகத் தெரியும், பெரியதற்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. இரண்டு தளம் இருப்பதால் வரும் பிரதிபலிப்பு அது, இந்த அமைப்பிலேயே உள்ளது. சில நாளில் கண் பழகிவிடும். வெறும் ரோட்டில், மழை இல்லாத இரவில், பின்லாக் இல்லாத வைசர்தான் பார்க்கத் தெளிவு, அதில் சந்தேகமில்லை. உள் லென்ஸ் ரொம்ப மென்மையானது, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். ஒரேயடியாக ஈரம் குடித்துவிட்டால் அதற்குமேல் தாங்காது, காய விட வேண்டும். மழையில் வந்து இறங்கியதும் வைசரை மூடி ஹெல்மெட்டைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், திறந்து நிழலில் வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வைசர் தெளிவாக இருக்கும், உங்கள் கண்ணாடியில் ஆவி படிவதை இது தடுக்காது. கண்ணாடிக்குத் தனியாக அந்தப் பேபி ஷாம்பூ வைத்தியம்தான்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். பாலத்தைத் தாண்டி வந்தால் வைசர் வெளிப்புறம் உப்புப் பூத்திருக்கும். அதை உலர்ந்த துணியால் துடைப்பது மணல்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைய விட்டு, பிறகுதான் துணி. உள் லென்ஸுக்கு வெறும் தண்ணீர் போதும், துடைக்காமல் தானாகக் காயட்டும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம், பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டே போகக் கூடாது. மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நான் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறேன். அப்போது ஆவியும் இல்லை, வரம்பில் மணல் புகுந்து சிலிகோன் கெடுவதும் மிச்சம்.

விலை கையைக் கடிக்கும். ஒரு சாதாரண ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்கும் காசு இந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்குப் போகும். அதனால் எல்லாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். கீழக்கரை, தேவிபட்டினம் என்று பகலில் மட்டும் ஓட்டுகிறவர்கள், மழை வந்தால் ஒதுங்கி நிற்க முடிகிறவர்கள், மூக்குத் தடுப்பும் ஒரு சொட்டு ஷாம்பூவும் வைத்துச் சமாளிக்கலாம். மீன் லோடு இறங்கும் நேரத்துக்குக் கிளம்புகிறவர்கள், ராத்திரி டியூட்டி முடித்துப் பாலம் தாண்டி வீட்டுக்கு வருகிற நர்ஸ், ஓட்டல் வேலைக்காரர்கள், மழையைக் காரணம் சொல்லி நிற்க முடியாதவர்கள், இவர்கள் வாங்க வேண்டும். கறுப்பு வைசர் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றி நிறமில்லாத வைசர் போடுங்கள், அப்புறம் பின்லாக்கைப் பற்றி யோசிக்கலாம்.

ராமநாதபுரம் கடைகளில் நான் கேட்ட இடங்களில் இருப்பு இல்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். ஆர்டர் போடும்போது ஹெல்மெட் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு வைசர் வடிவத்துக்கும் டி.கே.எஸ். என்று தொடங்கும் தனி எண் உண்டு, பழைய லென்ஸ் இருந்தால் அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் ஹெல்மெட் கம்பெனியிடம் உங்கள் வைசர் மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஒத்துப்போகாமல் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள், மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.